எந்த ஊர்ப் படி?



பேச்சைத் தொடங்குவதற்கு முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கையைத் தூக்கினால் போதும். பைத்தான் படித்துக்கொண்டிருப்பவர்கள், படிக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், கையைத் தூக்குங்கள். அடடா, பாதி அரங்கம்! சரி, இறக்கிக்கொள்ளுங்கள். இன்று பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்து சம்பளத்துக்கு ஜாவா எழுதியவர்கள்? பத்துப் பன்னிரண்டு கை. சி மொழியில் எழுதியவர்கள்? ஒன்று, இரண்டு. இரண்டே பேர். இரண்டு பேருக்கும் தலை நரைத்திருக்கிறது, தவறாக நினைக்க வேண்டாம்.

கடைசிக் கேள்வி. பையில் கைபேசி வைத்திருப்பவர்கள் யார்? பாருங்கள், ஒரு கைகூடக் கீழே இல்லை. ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் அதன் அடித்தளத்தில் லினக்ஸ் ஓடுகிறது. அதன் பெரும்பகுதி சி மொழியில் எழுதியது. உங்கள் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் அடுக்கி வைக்கிற எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது. அதுவும் சி. பாதி அரங்கம் ஆசையோடு கை தூக்கிய பைத்தான் இருக்கிறதே, நாம் வழக்கமாக இறக்கி நிறுவுகிற பைத்தானை இயக்குகிற நிரலே சி மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆக, ஒரே அரங்கம். ஒரே மாலை. கற்கிறவர்களைக் கேட்டால் பைத்தான் ஜெயிக்கிறது. சம்பளம் வாங்குகிறவர்களைக் கேட்டால் ஜாவா ஜெயிக்கிறது. பையில் ஓடுவதைக் கேட்டால் சி ஜெயிக்கிறது. நான் பொய் சொன்னேனா? நீங்கள் பொய்யாகக் கை தூக்கினீர்களா? இல்லையே! பிறகு முதலிடம் யாருக்கு?

இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். நிரல்மொழிகளின் செல்வாக்கை உலகம் எப்படி அளக்கிறது? எதை வைத்து அளக்கிறது? அந்த அளவில் எது விழுகிறது, எது சிந்திப் போகிறது?

என் பாட்டி களத்துமேட்டில் நெல் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்பார். "எந்த ஊர்ப் படி?" என்பார். அந்தக் காலத்தில் படி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒரு படி என்று சொல்லிவிட்டால் போதாது. எந்தப் படி என்று தெரிய வேண்டும், தலைதட்டி அளந்ததா, கோபுரமாக அளந்ததா என்றும் தெரிய வேண்டும். இந்த மொழிப் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் குரல்தான் கேட்கிறது.

முதலில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற பட்டியலை எடுத்துக்கொள்வோம். டியோபி அட்டவணை. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்து நிறுவனம் ஒன்று 2001-இலிருந்து மாதந்தோறும் வெளியிடுகிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆஸ்கார் வைல்டின் நாடகத் தலைப்பு ஒன்றின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர். நாடகத்தில் ஒரு பெயரை வைத்துக்கொண்டுதான் அத்தனை குழப்பமும். இந்த அட்டவணைக்கு அந்தப் பெயர் நன்றாகத்தான் பொருந்துகிறது.

டியோபி எப்படி அளக்கிறது? நிரலாளர்களை எண்ணுகிறதா? இல்லை. நிரல் வரிகளை எண்ணுகிறதா? அதுவும் இல்லை. ஒரு மொழியின் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் 'புரோகிராமிங்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து, மேற்கோள் குறிக்குள் போட்டு, கூகுள், விக்கிப்பீடியா, அமேசான் என்று 25 தேடுதளங்களில் தேடுகிறது. எத்தனை பக்கங்கள் கிடைத்தன என்று அந்தத் தளங்கள் சொல்கிற எண்ணைக் கூட்டி, எடைபோட்டு, விழுக்காடாக்குகிறது. அவ்வளவுதான். எல்லாவற்றையும் தன் பக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லியும் வைத்திருக்கிறது. படிப்பவர்கள்தான் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதில் என்ன நடக்கிறது பாருங்கள். "பெர்ல் மொழியை நான் ஏன் கைகழுவினேன்" என்று ஒருவர் கோபமாக ஒரு பக்கம் எழுதுகிறார். அதில் அந்தத் தொடர் வந்துவிட்டதென்றால் அது பெர்லுக்கு விழுந்த ஓட்டு! திட்டினாலும் ஓட்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதி மறந்துபோன பாடம் இன்றும் ஓட்டு. நம் வாக்காளர் பட்டியலில் செத்தவர் பெயர் இருந்தால் சண்டைக்குப் போகிறோம். இங்கே செத்த பக்கங்கள் மாதாமாதம் வரிசையில் நின்று வாக்களிக்கின்றன.

இந்தப் பெர்லுக்கே 2025-இல் ஒரு வேடிக்கை நடந்தது. பெர்ல் போய்விட்டது என்று எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. அதே பெர்ல் அந்த ஆண்டு செப்டம்பரில் டியோபி பட்டியலில் 10-ஆம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஓராண்டுக்கு முன் இருந்த இடம் 27. பதினேழு படி ஏற்றம்! எங்கே போய் ஒளிந்திருந்தார்கள் அத்தனை பெர்ல் எழுத்தாளர்களும்? ஒருவரும் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. எண்ணப்படுகிற தளங்களில் அமேசானும் ஒன்று என்று சொன்னேனே, பெர்ல் புத்தகங்கள் அங்கே ஏராளம். புத்தகம் பழசானாலும் அலமாரியை விட்டு இறங்குவதில்லை.

இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. சி மொழியின் கதை. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2016-இன் தொடக்கத்தில் டியோபி கணக்கில் சி மொழியின் பங்கு சுமார் 16 விழுக்காடு. அதிலிருந்து இறங்கத் தொடங்கியது. 2017 ஆகஸ்டில் 7 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. "சி மொழியின் அந்திமக் காலம்" என்று கட்டுரைகள் வந்தன. கைபேசி யுகத்துக்கு அது ஒத்துவரவில்லை என்று காரணமும் கண்டுபிடித்தார்கள். காரணம் கண்டுபிடிப்பதில் மனிதனை மிஞ்ச ஆளில்லை! பிறகு என்ன ஆயிற்று? ஏறத் தொடங்கியது. 2020 மே மாதம் ஜாவாவைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. பங்கு சுமார் 17 விழுக்காடு.

நான் கேட்கிறேன். உலகத்தில் சி எழுதிக்கொண்டிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை ஒன்றரை ஆண்டில் பூமி விழுங்கிவிட்டதா? பிறகு மூன்றாண்டில் அத்தனை பேரையும் திருப்பிக் கக்கிவிட்டதா? லினக்ஸை வேறு மொழியில் எழுதிவிட்டு மறுபடி சி மொழிக்கே மாற்றினார்களா? சலவை இயந்திரத்துக்குள்ளும் கார் இயந்திரத்துக்குள்ளும் ஓடுகிற நிரல்களை யாராவது கழற்றி மாட்டினார்களா? இல்லை நண்பர்களே. அங்கே உலகம் அப்படியேதான் இருந்தது. ஆடியது படி!

அதற்காக டியோபியைக் குப்பையில் போடச் சொல்கிறேனா? இல்லை. உலகத்தின் பேச்சில் எந்த மொழி அடிபடுகிறது என்று அது சொல்கிறது. பைத்தான் 2021 அக்டோபரில் அதன் முதலிடத்துக்கு வந்தது, 2025-இல் 25 விழுக்காட்டையும் தாண்டியது. பைத்தானைப் பற்றி உலகம் எவ்வளவு பேசுகிறது என்பதற்கு அது சாட்சி. பேச்சுக்குத்தான் சாட்சி.

அந்தப் பேச்சிலும் எந்த மொழிப் பேச்சு? இதை நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும். தேடுகிற தொடரில் 'புரோகிராமிங்' என்பது ஆங்கில எழுத்தில் இருக்கிறது. நீங்கள் "பைத்தான் நிரலாக்கம்" என்று அழகாகத் தமிழில் நூறு பக்கம் எழுதினால் அந்த வலையில் ஒரு மீன்கூடச் சிக்காது. ரூபி என்ற மொழி பிறந்தது ஜப்பானில். அங்கே ஜப்பானிய எழுத்தில் அதைப் பற்றி எழுதுகிறவர்களும் இந்தப் படிக்குள் விழுவதில்லை. பட்டியலில் சேரவே சில தகுதிகள் வேண்டும். விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை இருக்க வேண்டும், கூகுளில் குறைந்தது 5,000 பக்கங்களாவது கிடைக்க வேண்டும். முத்தையா அண்ணாமலை தமிழ்ச் சொற்களைக் கொண்டே உருவாக்கிய 'எழில்' மொழியில் ஒரு பிள்ளை நிரல் எழுதக் கற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளையை எந்தப் பட்டியலும் பார்க்காது.

பெயர்ச் சிக்கல் வேறு இருக்கிறது. மொழிகளுக்குப் பெயர் வைத்தவர்கள், நாளைக்கு யாராவது தேடுவார்களே என்று நினைத்து வைக்கவில்லை. பைத்தான் என்றால் மலைப்பாம்பு. ஜாவா என்றால் தீவு. ரூபி என்றால் கல். ரஸ்ட் என்றால் துரு. ஸ்விஃப்ட் என்றால் நம் ஊரில் மாருதி கார். 'கோ' என்றால் ஆங்கிலத்தில் போ. தேடுவதற்கு வசதியாக இருக்கிறதென்று பலர் அதைக் 'கோலாங்' என்று அழைக்கப் பழகிவிட்டார்கள். சி-க்கும் ஆர்-க்கும் ஒற்றை எழுத்துதான் பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் கோபோல் மொழியைக் கோபோல் என்று சொல்ல மாட்டார்கள், "கோபால் தெரியுமா?" என்றுதான் கேட்பார்கள். எந்தக் கோபால் என்று நான் முழித்திருக்கிறேன்.

அடுத்த படிக்குப் போவோம். பி.ஒய்.பி.எல். என்று ஒரு பட்டியல். அது பக்கங்களை எண்ணுவதில்லை. ஒவ்வொரு மொழிக்கும் 'டுட்டோரியல்', அதாவது பாடம், என்று சேர்த்துக் கூகுளில் எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று பார்க்கிறது. முதல் பட்டியல் எழுதிவைத்ததை அளந்தது. இது தேடுகிறவர்களின் பசியை அளக்கிறது. பசி யாருக்கு வரும்? இனிமேல்தான் சாப்பிடப் போகிறவனுக்கு. முன்வரிசையில் கை தூக்கிய நம் சி ஐயா இருவரும் கடைசியாக எப்போது பாடம் தேடியிருப்பார்கள்? அவர்கள் தேடுவதில்லை. அதனால் இந்தக் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை.

தமிழ்நாட்டு மேல்நிலை முதலாண்டுக் கணினி அறிவியல் புத்தகத்தில் சி பிளஸ் பிளஸ் இருக்கிறது, இரண்டாமாண்டில் பைத்தான் இருக்கிறது. இந்த அரங்கில் இருக்கும் பிளஸ் டூ மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவு என்ன தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பாடத்திட்டக் குழு எடுக்கிற ஒரு முடிவு, ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தேடலாக மாறி, உலகத்தின் விருப்பம் என்று ஒரு வளைகோட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் விரும்பினார்களா என்று யார் கேட்டது?

"பேச்சும் தேடலும் வேண்டாம் ஐயா, எழுதிய நிரலையே எண்ணிவிட்டால் என்ன?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் கிட்ஹப் இருக்கிறது. உலகத்து நிரலாளர்கள் தங்கள் நிரல்களைக் கொண்டுவந்து சேர்க்கிற மாபெரும் கிடங்கு. 2024-இல் அங்கே பைத்தான் ஜாவாஸ்கிரிப்டை முந்தியது. 2025 ஆகஸ்டில் டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் முந்தியது. இந்த டைப்ஸ்கிரிப்ட் யார்? ஜாவாஸ்கிரிப்டின் மகள். எழுதுவது டைப்ஸ்கிரிப்ட், கடைசியில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட். தாயையும் மகளையும் ஒரே குடும்பமாக எண்ணுவதா, தனி ரேஷன் கார்டு கொடுப்பதா? ஒரே கார்டு என்றால் அந்தக் குடும்பத்தை அசைக்க ஆளில்லை. தனி கார்டு கொடுத்ததால்தான் போட்டி. இதை முடிவு செய்கிறவர் கையில்தான் முதலிடமும் இருக்கிறது.

கிடங்கில் இருப்பது எந்த மொழி என்று எப்படித் தெரியும்? கோடிக்கணக்கான கோப்புகளை மனிதர் திறந்து பார்க்க முடியாது. கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கிற வாலைப் பார்ப்பார்கள். புள்ளி பி.எல். என்று இருந்தால் பெர்ல். ஆனால் புரோலாக் என்ற மொழிக்கும் அதே வால்தான்! புள்ளி எம். என்றால் மேட்லேப்பாகவும் இருக்கலாம், ஆப்ஜெக்டிவ்-சி ஆகவும் இருக்கலாம். உள்ளே எட்டிப் பார்த்து ஊகிப்பதற்குக் கிட்ஹப் ஒரு மென்பொருளே வைத்திருக்கிறது. அப்படி ஊகிக்காமல் வாலை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

2014-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். கிட்ஹப்பிலிருந்து 729 திட்டங்கள், 17 மொழிகள். எந்த மொழியில் எழுதினால் பிழை அதிகம் வருகிறது என்பது கேள்வி. நல்ல கேள்வி, கடும் உழைப்பு. ஊரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள். அதில் டைப்ஸ்கிரிப்டுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன திட்டங்களில் முதலாவது எது தெரியுமா? பிட்காயின்!

பிட்காயின் எழுதப்பட்டது சி பிளஸ் பிளஸ் மொழியில். அதில் டைப்ஸ்கிரிப்ட் எங்கிருந்து வந்தது? டைப்ஸ்கிரிப்ட் கோப்புகளின் வால் புள்ளி டி.எஸ். பிட்காயின் கிடங்கிலும் புள்ளி டி.எஸ். கோப்புகள் நிறைய இருந்தன. ஆனால் அவை நிரலே அல்ல! திரையில் தெரிகிற பொத்தான்களின் பெயர்களைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மற்ற மொழிகளிலும் எழுதிவைத்த மொழிபெயர்ப்புக் கோப்புகள். 2019-இல் இன்னொரு குழு அந்த ஆய்வை முதலிலிருந்து செய்து பார்த்தபோதுதான் இது வெளியே வந்தது. டைப்ஸ்கிரிப்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2012 அக்டோபரில். அந்தத் தரவிலோ மொழி பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதில் எழுதத் தொடங்கிவிட்டார்கள்! பிள்ளை பிறக்கும் முன்பே பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு போட்ட கதை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. வாலைப் பார்த்தார்கள், தலையைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. கிடங்கில் வந்து சேர்ந்தால்தானே எண்ண முடியும்? வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் தங்கள் நிரலை ஊரறியக் கொண்டுவந்து வைக்குமா? ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் தங்கள் துண்டு நிரல்களை அங்கே ஏற்றுவார்களா? நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் ஓடும். அறுபது வரி இருந்தால் அதிகம். அன்றைய விற்பனைக் கோப்புகளை எல்லாம் படித்து, கூட்டி, காலை எட்டு மணிக்கு மேலாளரின் மேசையில் அறிக்கையாக நிற்கும். எழுதியவர் வேலையை விட்டுப்போய்ப் பல ஆண்டுகள். இயந்திரத்தை மாற்ற வேண்டி வந்த நாளில்தான் அதை நான் திறந்தே பார்த்தேன். முதல் வரியில் ஒரு குறிப்பு இருந்தது. "தற்காலிக ஏற்பாடு, அடுத்த மாதம் மாற்ற வேண்டும், 2003." நான் திறந்தது 2014-இல்.

அந்த ஸ்கிரிப்டைப் பற்றி யாரும் இணையத்தில் எழுதவில்லை. யாரும் பாடம் தேடவில்லை. யாரும் கிடங்கில் ஏற்றவில்லை. யாரும் சந்தேகம் கேட்கவில்லை. பதினோரு ஆண்டு, ஒவ்வொரு இரவும் ஓடியது. எந்தப் பட்டியலிலாவது அதற்கு ஒரு நெல்மணி எடை உண்டா?

சந்தேகம் என்றதும் நினைவுக்கு வருவது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. 2008-இல் தொடங்கியது. நிரலில் மாட்டிக்கொண்டவர்கள் கேள்வி கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். அங்கே எந்த மொழியைப் பற்றி அதிகப் பேச்சு, கிட்ஹப்பில் எந்த மொழி அதிகம் என்று இரண்டையும் வரைபடத்தின் இரு அச்சுகளில் வைத்து அளப்பது ரெட்மாங்க் என்ற நிறுவனத்தின் முறை. ஆண்டுக்கு இரண்டு முறை என்று வெளியிட்டு வந்தார்கள். ஒற்றைப் படியை நம்பாமல் இரண்டு படியால் அளக்கிறார்களே, அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கேள்விகளின் எண்ணிக்கை எதைக் காட்டுகிறது? மருத்துவமனை வாசலில் கூட்டம் நின்றால் அந்த ஊரில் ஆரோக்கியம் அதிகம் என்றா சொல்வோம்? ஒரு மொழியைப் பற்றி ஆயிரம் கேள்வி வந்தால், அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள் என்றும் கொள்ளலாம், அது பலரைப் படுத்துகிறது என்றும் கொள்ளலாம். நல்ல கையேடு உள்ள மொழிக்குக் கேள்வி குறையும். குறைந்தால் பட்டியலில் இறங்கும். நன்றாக இருப்பதற்குத் தண்டனை!

இப்போது அந்தக் கிணறும் வற்றுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு வரும் கேள்விகள் மளமளவென்று சரிந்துவிட்டன. சந்தேகமா தீர்ந்துபோயிற்று? இல்லை. சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது, கேட்கிற இடம் மாறிவிட்டது. முன்பு ஊர்ப் பொதுக்கிணற்றில் நின்று கேட்டோம். யார் வந்தார்கள், எத்தனை குடம் என்று எண்ண முடிந்தது. இப்போது அவரவர் வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது. உங்களுக்கும் அந்த இயந்திரத்துக்கும் நடுவில் நடக்கிற பேச்சை யார் எண்ணுவது? நான் இதுவரை சொன்ன படிகள் எல்லாமே மனிதர் வெளியில் விட்டுச்செல்லும் தடங்களை நம்பியவை. எழுதிய பக்கம், தேடிய சொல், கேட்ட கேள்வி. தடமே விழாத தரையில் நடக்கத் தொடங்கிவிட்டால் எதை வைத்து அளப்பார்கள்? அளக்கிறவர்களே இன்று கவலைப்படுகிற விஷயம் இது.

நேரில் கேட்டுவிடலாமே என்றால், அதற்கும் கணக்கெடுப்பு உண்டு. அதே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2011 முதல் ஆண்டுதோறும் நடத்துகிறது. 2024-இல் 65,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். அதிகம் பயன்படுத்துவது ஜாவாஸ்கிரிப்ட். சரி. அதிகம் நேசிக்கப்படுவது? 2016 முதல் ஆண்டு தவறாமல் ரஸ்ட். இந்த நேசத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். ரஸ்ட் எழுதியவர்களிடம் "இன்னும் எழுத ஆசையா?" என்று கேட்கிறார்கள். ஆசைப்பட்டுத் தானே தேடிப் போனவர்களிடம் போய்க் கேட்டால் என்ன சொல்வார்கள்? வீட்டில் வேறு வழியில்லாமல் தினமும் உப்புமா சாப்பிடுகிறவனையும், விரும்பிப் போய் வரிசையில் நின்று பிரியாணி வாங்குகிறவனையும் ஒரே கேள்வி கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, உப்புமாவை யாருக்கும் பிடிக்கவில்லை" என்றால் எப்படி? எனக்கு உப்புமா பிடிக்கும் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

வேலை விளம்பரங்களை எண்ணுகிற முறையும் இருக்கிறது. ஐ ட்ரிபிள் ஈ ஸ்பெக்ட்ரம் இதழ் 2014 முதல் வெளியிடும் தரவரிசையில் வேலைக்கென்றே தனிப் பட்டியல் உண்டு. 2022-இல் அதில் முதலிடம் எஸ்க்யூஎல் மொழிக்கு. பொதுப் பட்டியலில் பைத்தான் முதலிடம், வேலைப் பட்டியலில் எஸ்க்யூஎல் முதலிடம், இதழ் ஒன்றுதான். இந்த எஸ்க்யூஎல்லுக்கு டியோபியில் வெகுகாலம் இடமே இல்லை. அதை முழுமையான நிரல்மொழி என்று சொல்லலாமா என்று வழக்கு. 2018-இல்தான் உள்ளே விட்டார்கள். வாசலில் நிற்கவைத்திருந்த ஆளைத்தான் முதலாளிகள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தேவைப்படும்வரை கண்ணில் படாதவற்றைப் பற்றிச் சொல்லும்போது ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2020 ஏப்ரல். கொரோனா. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வேலை போனவர்கள் இலட்சக்கணக்கில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டிய கணினி அமைப்பு நாற்பது ஆண்டுப் பழசு, திணறுகிறது. ஆளுநர் ஃபில் மர்ஃபி செய்தியாளர்கள் முன் நின்று, இந்த மொழி தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்கிறார். எந்த மொழி? 1959-இல் வடிவமைக்கத் தொடங்கிய கோபோல். அவர் வாயில் அது 'கோபால்ட்' என்று வந்தது. நம் மூத்தவர்களின் கோபாலுக்கு அண்ணன்! அந்த மாதம் டியோபியின் முதல் பத்து இடங்களில் கோபோல் இல்லை. "அதிகம் நேசிக்கப்படும் மொழி" பட்டியலில் இருக்குமா என்று கேட்கவே வேண்டாம். அரிசி வாங்கப் பணம் வருமா வராதா என்று ஒரு மாநிலமே அதை நம்பி நின்றது.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு இரும்புக்கடை. குழாய், ஆணி, பெயிண்ட் எல்லாம் கிடைக்கும். சென்ற மாதம் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், பையன் பிளஸ் டூ முடிக்கிறான். எந்த லாங்குவேஜ்ல சேத்துவிடலாம்? நெட்ல பைத்தான்தான் நம்பர் ஒன்னு போட்டிருக்கான். ஃபீஸ் இருவதாயிரம் கேக்குறாங்க."

நான் இன்று உங்களிடம் சொன்னதில் பாதியை அவரிடம் சொன்னேன். பாவம், சுண்ணாம்பு வாங்க வந்தவர் ஒருவரும் நின்று கேட்டார். பையன் கல்லாவுக்குப் பின்னால் கணினியில் ஏதோ செய்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். எக்ஸல். எந்தக் குழாய் எத்தனை இருப்பு, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கை எப்போது கொள்முதல் செய்ய வேண்டும் என்று எல்லாம் அதுவாகவே நிறம் மாறிச் சொல்கிறது. ஒரு கட்டத்தைத் தொட்டேன். அதற்குள் மூன்று வரிக்குச் சூத்திரம். நிபந்தனைக்குள் நிபந்தனை, அதற்குள் இன்னொரு நிபந்தனை.

"யார் தம்பி எழுதினது?"

"நான்தான் சார்."

"இது எந்த லாங்குவேஜ்?"

"இது லாங்குவேஜ் இல்ல சார், எக்ஸல்."

அவன் அப்பாவும் தலையாட்டினார். நான் சொன்ன பட்டியல் எதையும் தேடிப் பாருங்கள், அதைப் போட்டவர்களும் அதையேதான் சொல்வார்கள். உலகத்தில் எத்தனை கடைகளில், எத்தனை அலுவலகங்களில், எத்தனை பேர் தினமும் இந்தக் கட்டங்களுக்குள் நிரல் எழுதுகிறார்கள்! தாங்கள் எழுதுவது நிரல் என்றே அவர்களுக்குத் தெரியாது.

"இந்த மூணாவது வரி எதுக்கு?" என்று கேட்டேன். விலையை ஏற்கெனவே கணக்கிட்டாகிவிட்டது, அதற்கு மேல் ஒரு நிபந்தனை தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பையன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அப்பா கொஞ்சம் பேருக்குப் பழைய விலைக்கே குடுப்பாங்க சார். அவங்க பேரு வந்தா ஏத்தாதன்னு எழுதியிருக்கேன்."